அண்ணன் குரலுக்கு ஒரு ரேடியோ

1

இங்கே பெர்த்தில் வரும் தமிழர் காலாண்டிதழில் ‘எந்தச் சிற்றலை ரேடியோ வாங்கலாம்?’ என்று இரண்டு பக்கம் எழுதியவர், தான் புகழ்ந்த ரேடியோவை ஒருமுறைகூடப் போட்டுக் கேட்டதில்லை. ஊகத்தில் சொல்லவில்லை. அவரே என்னிடம் போனில் ஒத்துக்கொண்டார். பெயரை எழுதமாட்டேன். படித்தால் யாரைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

நான் தங்கச்சிமடத்துக்காரன். பெயர் சேவியர். மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. முதலில் இறால் படகுகளில் வேலை. இப்போது துறைமுகத்தில் படகுகளில் வலை இழுக்கும் வின்ச்சுகளைப் பழுது பார்க்கிறேன். எழுத்து என் தொழில் அல்ல. ராமநாதபுரத்தில் இந்த இதழை நடத்தும் ஆசிரியர், “வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதுங்கள்” என்றார். கங்காருவைப் பற்றியும் குளிரைப் பற்றியும் எழுத எனக்கு விருப்பமில்லை. போன நான்கு மாதமாக என் வெளிநாட்டு வாழ்க்கை சரியான ஒரு ரேடியோவைத் தேடுவதிலேயே போனது. அதைத்தான் எழுதுகிறேன்.

எதற்கு ரேடியோ என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் லூர்துராஜ் என்னோடு பேசி மூன்று வருடம் ஆகிறது. போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறார். ஆனால் அவர் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் உள்ளவர், அதாவது வீட்டிலிருந்தே ஒயர்லெஸ்ஸில் பேச அரசு அனுமதி பெற்றவர். தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வீட்டில் மைக்கைப் பிடித்துக்கொண்டு மதுரைக்காரரோடும் தூத்துக்குடிக்காரரோடும் ஒரு மணி நேரம் பேசுகிறார். முகம் தெரியாத ஆட்களுக்கெல்லாம் கிடைக்கிற குரல் எனக்குக் கிடைக்கவில்லை.

ஈஸ்டர் அன்று போன் போட்டேன். மதினி எடுத்தார்.

“யாரு, கொழுந்தனாரா? நல்லா இருக்கீகளா? அவரு ரேடியோவுல இருக்காரு.”

“பெருநாளும் அதுவுமாவா மதினி?”

“பெருநாளு என்ன, நாளைக்கு நானே செத்தாலும் அந்தப் பெட்டிகிட்டதான் மொதல்ல சொல்லுவாரு. எங்கிட்ட ஒரு நாளைக்கு நாலு வார்த்தை. சோறு, உப்பு, சாவி, லைட்ட அமத்து. அதுகிட்ட ஒரு மணி நேரம்.”

பின்னால் அண்ணன் குரல் கேட்டது. “போன்ல யாரு?”

“ராங் நம்பரு,” என்றார் மதினி. என் காதில் விழும்படியே சொன்னார். பிறகு மெதுவாக, “வச்சிரட்டா தம்பி?” என்றார்.

அன்று முடிவு செய்தேன். இவர் வாயைத் திறந்து என்னோடு பேசவேண்டாம். மற்றவர்களோடு பேசுவதையாவது கேட்டுவிடுகிறேன். வானத்தில் போகிற அலைக்கு யாரும் கதவு போட முடியாது.

2

ரேடியோ என்றால் எனக்குப் புதிது இல்லை. செயற்கைக்கோள் போன் வருவதற்கு முன்னால் இந்த ஊர் இறால் படகுகளில் காலையும் மாலையும் குறித்த நேரத்தில் சிற்றலையில் நின்று, படகு எங்கே இருக்கிறது, எத்தனை பேர் இருக்கிறோம் என்று கரைக்குச் சொல்லவேண்டும். அந்த வேலை ஐந்து வருடம் என்னுடையது. என் ஆங்கிலம் அந்த மைக்கில்தான் வளர்ந்தது. ஆகவே வீட்டுக்கு ஒரு கையடக்க ரேடியோ வாங்குவது பெரிய காரியம் என்று நான் நினைக்கவில்லை. கடையில் நிற்கும்போது அந்தக் காலாண்டிதழ்க் கட்டுரை நினைவுக்கு வந்தது. ‘பன்னிரண்டு பேண்டு, எஸ்.எஸ்.பி. உள்படச் சிற்றலை முழுவதும் கேட்கலாம், முதியவர்களுக்கு ஏற்றது’ என்று எழுதியிருந்தார். வாங்கினேன்.

அந்த எஸ்.எஸ்.பி. என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சிற்றலையில் பாட்டும் செய்தியும் போடும் நிலையங்கள் குரலை ஓர் ஊர்தி அலையின் மேல் ஏற்றி, ஊர்தியையும் குரலையும் சேர்த்தே அனுப்பும். எந்த ரேடியோவும் அதைக் கேட்கும். அமெச்சூர்காரர்களும் கடல்காரர்களும் அப்படி அனுப்புவதில்லை. மின்சாரம் வீணாகும் என்று ஊர்தியை விட்டுவிட்டு, குரலின் இரண்டு பாதிகளில் ஒன்றை மட்டும் அனுப்புகிறார்கள். அதனால்தான் அதற்குச் சிங்கிள் சைடுபேண்ட் என்று பெயர். விட்டுப்போன ஊர்தியைக் கேட்கிற ரேடியோவே உள்ளுக்குள் உண்டாக்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த வசதி இல்லாத ரேடியோவில் ஆள் பேசுவது வாத்து கத்துவது மாதிரி இருக்கும். ஒரு சொல் புரியாது.

நான் வாங்கியதில் அந்த வசதி இல்லை. அது மட்டுமல்ல. பன்னிரண்டு பேண்டு என்று பெட்டியில் அச்சடித்திருந்தார்களே, அவை பன்னிரண்டு துண்டுகள். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே பெரிய ஓட்டை. அண்ணன் பேசுகிற நாற்பது மீட்டர் அலைவரிசை, அதாவது ஏழு மெகாஹெர்ட்ஸ் பக்கம், அப்படி ஓர் ஓட்டைக்குள் விழுந்து கிடந்தது. முள்ளை எவ்வளவு திருகினாலும் அங்கே போகாது.

கட்டுரையாளருக்குப் போன் போட்டேன்.

“சார், நீங்க எழுதின ரேடியோல எஸ்.எஸ்.பி. இருக்குன்னு போட்டிருக்கீங்க. எங்கன இருக்கு?”

“பின்னாடி எங்கயாவது இருக்கும் சார், பாருங்க.”

“பின்னாடி பேட்டரிதான் இருக்கு.”

“பன்னிரண்டு பேண்டு இருக்குல்ல? அதுல ஒண்ணா இருக்கும்.”

“எஸ்.எஸ்.பி.ங்கிறது பேண்டு இல்ல சார். உங்ககிட்ட இந்த ரேடியோ இருக்கா, இல்லையா?”

“இருக்கு சார். கிஃப்டா வந்தது. இன்னும் பெட்டியப் பிரிக்கல. நேரமே கிடைக்கல பாருங்க.”

பிரிக்காத பெட்டியின் மேல் அச்சடித்திருந்ததைப் பார்த்து, இல்லாததையும் சேர்த்து எழுதி, அதற்கு இரண்டு பக்கமும் தன் படமும் வாங்கியிருக்கிறார். அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள் என்றேன். போடவில்லை. இப்போது நான் போட்டுவிட்டேன்.

3

அண்ணனுக்கும் எனக்கும் என்ன சண்டை என்று சொல்லாமல் மேலே போக முடியாது.

அண்ணன் படகு எஞ்சின் மெக்கானிக். ஒரு புயலின்போது எங்கள் தீவில் போன், கரண்டு எல்லாம் செத்துப்போய், வெளியூரிலிருந்து வந்த அமெச்சூர் ரேடியோக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு செட்டை வைத்துக்கொண்டு செய்தி அனுப்பினார்கள். அவர்களுடைய ஜெனரேட்டர் நின்றுவிட, பழுது பார்க்கப் போனவர் அண்ணன். போனவர் மூன்று நாள் வீட்டுக்கு வரவில்லை. அப்போது பிடித்த பைத்தியம். நாற்பது வயதுக்கு மேல் உட்கார்ந்து படித்துப் பரீட்சை எழுதினார். பாஸும் செய்தார். லைசென்ஸ் மட்டும் வரவில்லை. எதிர்க்கரையில் இலங்கை இருக்கும்போது தீவில் ஒருத்தன் ஒயர்லெஸ் கேட்டால் விடுவார்களா?

விசாரணைக்கு வந்த அதிகாரி, “இத வச்சு யாருகிட்டப்பா பேசப் போற?” என்று கேட்டாராம்.

“யாரு கெடைச்சாலும் பேசுவேன் சார்.”

“என்ன பேசுவ?”

“சத்தம் எப்படிக் கேக்குதுன்னு கேப்பேன். அவரும் அதையே கேப்பாரு.”

“அதுக்கு எதுக்குய்யா ஒயர்லெஸ்ஸு?”

இரண்டு வருடம் காகிதம் ஆபீஸ் ஆபீஸாகச் சுற்றியது. லைசென்ஸ் வந்த அன்று எனக்குப் போன் போட்டு அழுதார். கொல்லையில் இரண்டு தென்னைக்கு நடுவே வயரைக் கட்டினார். மறுநாளே மதினி அதில் துணி காயப்போட்டு, அதற்கு ஒரு சண்டை. அந்தச் சண்டையையும் எனக்குப் போனில்தான் சொன்னார். அவ்வளவு பேசுகிற அண்ணன்.

அவர் மகன் ஆன்றோ. அப்பனைவிட நல்ல கைக்காரன். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு என்று சொல்வான். மூன்று வருடத்துக்கு முன்னால் என்னைப் பார்க்க வர விசிட்டர் விசாவுக்கு மனுப்போட்டான். அழைப்புக் கடிதம் நான் கொடுத்தேன். காகிதங்கள் எல்லாம் சரி. ஒரு நாள் வின்ச்சுக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கிறேன், விசா அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். உங்கள் அண்ணன் மகன் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“அவனை மாதிரி ஒரு மெக்கானிக் உங்கள் நாட்டிலேயே கிடையாது. இந்தத் துறைமுகத்தில் காலை வைத்தால் போதும், மறுநாளே பிடித்து வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்” என்றேன்.

அந்தப் பெண் நன்றி சொல்லி வைத்துவிட்டார். நான் உடனே மதினிக்குப் போன் போட்டு, “நல்லாச் சொல்லியிருக்கேன் மதினி, பையனத் தூக்கி வச்சுச் சொல்லியிருக்கேன்” என்று, சொன்னதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்து வேறு பீற்றிக்கொண்டேன்.

இதைப் படிக்கிறவர்களில் வெளிநாட்டில் இருப்பவர்கள் இப்போதே தலையில் அடித்துக்கொள்வார்கள். சுற்றிப்பார்க்க வருகிறவன் திரும்பிப் போவான் என்று அவர்களுக்கு நம்பிக்கை வரவேண்டும். நானோ வந்த மறுநாளே வேலையில் சேர்ந்துவிடுவான் என்று சத்தியம் செய்துவிட்டேன். எங்கள் ஊரில் ஒரு பையனைப் பற்றி விசாரிக்க யார் வந்தாலும், பெண் வீட்டாராக இருந்தாலும் படகு முதலாளியாக இருந்தாலும், அவன் வேலையைத்தான் முதலில் தூக்கி வைத்துச் சொல்வோம். அந்தப் பழக்கம். இருபது வருடம் இங்கே வரி கட்டியும் அது போகவில்லை. விசா மறுக்கப்பட்டது. திரும்பிச் செல்வார் என்று நம்பக் காரணம் இல்லை என்று கடிதம் வந்தது.

அண்ணன் எனக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினார். அதுவும் ஆன்றோ மூலமாக. “சித்தப்பா, அப்பா சொல்லச் சொன்னாக. நீங்க வேணும்னேதான் கெடுத்துட்டீகளாம். இனிமே ஒங்க பேச்ச இந்த வீட்டுல எடுக்கக் கூடாதாம்.” சொல்லிவிட்டு அவனே அழுதான். அவன் இன்றுவரை என்னோடு பேசுகிறான். கெட்டது அவனுக்கு, கோபம் அண்ணனுக்கு.

வேண்டுமென்றே. இந்த ஒரு சொல்லைத்தான் மூன்று வருடமாக விழுங்க முடியவில்லை. முட்டாள்தனமாகப் பேசினாய் என்று திட்டியிருந்தால் கேட்டுக்கொண்டிருப்பேன். கூடப் பிறந்தவன் மகனை நான் திட்டம்போட்டுக் கவிழ்த்தேன் என்று அவர் நம்புகிறாரே என்று நினைக்கும்போது சாப்பாடு இறங்காது.

4

இரண்டாவது ரேடியோவுக்கு யார் பேச்சையும் கேட்கவில்லை. கடைக்காரன் முன்னால் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, நானே பார்த்து வாங்கினேன். என்னென்ன பார்த்தேன் என்று எழுதுகிறேன். யாராவது வாங்கப் போனால் உதவும்.

பேண்டு எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். சிற்றலை ஓட்டை இல்லாமல் தொடர்ச்சியாக, முப்பது மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் வருகிறதா என்று கேளுங்கள். எஸ்.எஸ்.பி. என்று பெட்டியில் எழுதியிருந்தால் போதாது, ரேடியோவின் முகத்தில் அதற்குப் பொத்தான் இருக்கவேண்டும். அடுத்து, அலைவரிசையை எவ்வளவு சிறிய படியாக நகர்த்த முடிகிறது என்று பாருங்கள். எஸ்.எஸ்.பி.யில் கொஞ்சம் விலகினாலும் ஆண் குரல் கீச்சுக்குரலாகிவிடும், இல்லாவிட்டால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி ஆகிவிடும். ஒரு கிலோஹெர்ட்ஸ் படி மட்டும் உள்ள ரேடியோ இதற்கு உதவாது. அதற்குள்ளும் மெல்லத் திருகிச் சரிசெய்ய ஒரு சக்கரம் வேண்டும். பக்கத்து அலையில் கத்துகிறவனை வெட்ட, பட்டை அகலத்தைக் குறைக்கும் வசதி வேண்டும். பெர்த்தில் சாயங்காலம் நாற்பது மீட்டர் முழுக்க இந்தோனேசியாக்காரர்கள்தான். இது இல்லாவிட்டால் அவர்கள் வீட்டுக் கல்யாணக் கதையைத்தான் கேட்டுக்கொண்டிருக்கவேண்டும்.

வெளி ஏரியல் செருகத் துளை இருக்கவேண்டும். உடம்போடு வருகிற குச்சி ஏரியலை நம்பி ஆறாயிரம் கிலோமீட்டர் கேட்க முடியாது. பத்து மீட்டர் வயர் போதும். அதிகமாக ஆசைப்பட்டு நீளமாகக் கட்டினால் சின்ன ரேடியோ திணறும், எல்லா நிலையமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்கும். பேட்டரியில் ஓட்டுங்கள். சார்ஜரைச் செருகினால் சார்ஜரின் இரைச்சல்தான் கேட்கும். கடைசியாக, அரை மணி நேரம் ஓடவிட்டு, அலைவரிசை தானாக நகர்கிறதா என்று பாருங்கள். கடைக்காரன் முறைப்பான். முறைக்கட்டும்.

இவ்வளவும் பார்த்து வாங்கினேன். வீட்டில் போட்டால் ஒரே இரைச்சல். எல்.இ.டி. விளக்கு, இன்டர்நெட் பெட்டி, பக்கத்து வீட்டு டிவி, எல்லாம் ரேடியோவுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. யாரோ இன்டர்நெட்டில் இணைத்து வைத்திருக்கும் வேறு ஊர் ரேடியோக்களைக் கம்ப்யூட்டர் வழியாகவே கேட்கலாமே என்றாள் என் மகள் ஷெரின். முயன்றோம். அண்ணன் குரல் எட்டுகிற இடத்தில் அப்படி ஒரு ரேடியோவும் எங்களுக்கு அகப்படவில்லை.

ஆகவே கடற்கரைக்குப் போனேன். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் சாயங்கால ஷிப்ட். ஷெரின்தான் கார் ஓட்டி வந்தாள். என் தூண்டில் கம்பை மணலில் நட்டு, அதன் நுனியில் வயரைக் கட்டி, மறுமுனையைக் கார் கண்ணாடி வழியாக உள்ளே இழுத்துக்கொண்டேன். இங்கே எட்டு மணி என்றால் ஊரில் ஐந்தரை. நல்ல அமைதி. பொத்தானைத் தட்டி, எஸ்.எஸ்.பி.யில் மேல்பாதியில் வைத்து, மதினி ஈஸ்டருக்குப் பிறகு சீட்டில் எழுதிப் படம் எடுத்து அனுப்பிய அலைவரிசைக்குப் போனேன்.

வாத்து.

நல்ல பலமான, தெளிவான வாத்து. சக்கரத்தை இப்படித் திருகினேன், அப்படித் திருகினேன். மெலிந்த வாத்து, தடித்த வாத்து. ஒரு சொல் புரியவில்லை.

“இதுதான் பெரியப்பாவா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள் ஷெரின். அவள் தமிழைப் புரிந்துகொள்வாள், பதில் ஆங்கிலத்தில் வரும். பெரியப்பா என்ற சொல் மட்டும் தமிழில் மிச்சம்.

மறுநாள் ரேடியோவைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். திருப்பி வாங்கும் மேசையில் ஒரு பெண் இருந்தாள். என்ன குறை என்று கேட்டாள். மனிதர்கள் வாத்து மாதிரி கேட்கிறார்கள் என்றேன். அவள் சிரிக்காமல் கம்ப்யூட்டரில் தட்டினாள். ரசீதில் பார்த்தேன். ‘வாடிக்கையாளருக்கு வாத்துகள் கேட்கின்றன.’ அதே ரகத்தில் வேறொன்று கொடுத்தாள். அன்று சாயங்காலமும் வாத்து. மறுநாள் அந்தக் கம்பெனிக்கு மூன்று பத்தியில் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அதில் நான் எழுதிய சொற்களை இங்கே எழுத ஆசிரியர் விடமாட்டார்.

5

இனி என் தப்பைச் சொல்கிறேன். யாரையும் திட்டுகிறவன் தன்னையும் திட்டத் தெரிந்திருக்கவேண்டும்.

நாலாம் நாள், ஷெரின் பக்கத்து இருக்கையில் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். கடையில் நான் பார்க்கச் சொன்ன அந்த எஸ்.எஸ்.பி. பொத்தானுக்குக் கீழே இன்னொரு பொத்தான் இருந்தது.

“அப்பா, இது என்ன?”

“அதத் தொடாத.”

“ஏன்?”

“கடல்ல அத யாரும் தொட மாட்டாக.”

அவள் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள். பிறகு தமிழிலேயே சொன்னாள். “நாம கடல்ல இல்ல. கார்ல இருக்கோம்.”

அமுக்கினாள்.

“...தங்கச்சிமடத்துல இருந்து லூர்து. இங்கன கச்சான் காத்து பலமா அடிக்குது. வயரு ஆடிக்கிட்டே கெடக்கு. உங்க சத்தம் நல்லாக் கேக்குது, எஞ் சத்தம் எப்படி இருக்கு? ஓவர்.”

அண்ணன். மூன்று வருடத்துக்குப் பிறகு. கொஞ்சம் கீச்சென்று இருந்தது. சக்கரத்தைத் திருகினேன். குரல் இறங்கிச் சரியான இடத்தில் வந்து உட்கார்ந்தது. பேச்சுக்கு நடுவே ஒரு செருமல், எங்கள் அய்யா செருமுகிற மாதிரியே.

விஷயம் இதுதான். குரலின் இரண்டு பாதிகளில் ஒன்றை அனுப்புகிறார்கள் என்றேன் அல்லவா? கடலில் எப்போதும் மேல்பாதிதான். நான் வேலை பார்த்த படகுகளின் செட்டில் கீழ்ப்பாதிக்குப் பொத்தானே கிடையாது. அமெச்சூர்காரர்கள் பத்து மெகாஹெர்ட்ஸுக்கு மேலே மேல்பாதியிலும், அதற்குக் கீழே கீழ்ப்பாதியிலும் பேசுவார்கள். நெடுநாளைய வழக்கம். அண்ணன் பேசும் இடம் ஏழு மெகாஹெர்ட்ஸ். நான் ஐந்து வருடக் கடல் பழக்கத்தில் எதையும் பார்க்காமல் மேல்பாதியில் கையை வைத்துவிட்டு, நல்ல ரேடியோவைக் குறை சொல்லித் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். ரேடியோவோடு வந்த கையேட்டின் ஏழாம் பக்கத்தில் இது தெளிவாக இருந்தது. கட்டுரைக்காரர் பெட்டியைப் பிரிக்கவில்லை, நான் கையேட்டைப் பிரிக்கவில்லை. அந்தக் கம்பெனிக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். கடைப் பெண்ணிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவள், “வாத்துகள் போய்விட்டனவா?” என்று கேட்டாள்.

வாங்குகிறவர்கள் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். மேல்பாதி, கீழ்ப்பாதி இரண்டையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க முடிகிற ரேடியோவாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கிய பிறகு இரண்டையும் அமுக்கிப் பாருங்கள்.

அதன்பிறகு விடாமல் பதினோரு நாள் போனேன். காற்று, மழை, யாருடைய பவர் சப்ளை புகைந்தது, யார் புதிதாக என்ன வயர் கட்டினார், இவ்வளவுதான் பேச்சு. அந்த அதிகாரி கேட்டது சரியான கேள்விதான், இதற்கு எதற்கு ஒயர்லெஸ்? ஆனால் நான் ஒரு நாள் விடவில்லை. ஷெரினும் வந்தாள். படிப்பு இருக்கிறது, வேலை இருக்கிறது என்று சாப்பாட்டு மேசையில்கூட உட்காராத பெண், பெரியப்பா யாரோ ஒருவருக்குப் பேட்டரி கழுவச் சொல்லிக்கொடுப்பதை உட்கார்ந்து கேட்டாள். ‘கச்சான்’ என்றால் என்ன என்று கேட்டாள். மேற்கிலிருந்து அடிக்கிற காற்று என்றேன். மறுநாள் காரிலிருந்து இறங்கும்போது முடியை ஒதுக்கிக்கொண்டு, “அப்பா, கச்சான்” என்றாள்.

பன்னிரண்டாம் நாள் மதுரைக்காரர் அண்ணனைக் கூப்பிட்டார். அந்தக் குழுவை நடத்துகிறவர் அவர்தான்.

“லூர்தண்ணே, ஆஸ்திரேலியாவுல உங்க தம்பி ஒருத்தர் இருக்காருன்னு ஒரு தடவ சொன்னீங்கள்ல? அவரையும் ஒரு லைசென்ஸ் எடுக்கச் சொல்லுங்கண்ணே. நம்ம சத்தம் அங்க வரைக்கும் போகுதான்னு பாத்துருவோம். ஓவர்.”

நான் ரேடியோவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். ஷெரின் காரின் ஃபேனை நிறுத்தினாள்.

“அவனா? வேணாம்யா. அவங் கையில மைக்கக் குடுத்தா நம்ம ஒருத்தரும் பேச முடியாது.” அண்ணன் சிரித்தார். “எம் மகன் விசாவுக்கு ஆபீஸ்ல இருந்து போன் போட்டு விசாரிச்சிருக்காக. இவன் என்ன சொல்லியிருக்கான் தெரியுமா? இவன மாதிரி மெக்கானிக்கு ஒங்க நாட்டுலயே கெடையாது, மறுநாளே வேலைக்கு எடுத்துக்குவாகன்னு சொல்லியிருக்கான். அந்த ஆபீஸ்காரன் விசா குடுப்பானா? சொல்லுங்க. ஓவர்.”

மதுரைக்காரர் சிரித்துச் சிரித்து இருமினார். “ஏண்ணே, வேணும்னே சொன்னாரா? ஓவர்.”

“சேச்சே. வேணும்னேயெல்லாம் கெடையாது. அவனுக்கு அந்த வெவரம் பத்தாது. பய மேல உள்ள பிரியத்துல சொல்லிப்புட்டான். எனக்குத் தெரியாதா? எங்கூடப் பெறந்தவன்யா. ஓவர்.”

“அப்பறம் என்னண்ணே, போனப் போட்டுப் பேச வேண்டியதுதானே? ஏன் பேசாம இருக்கீங்க? ஓவர்.”

யாரோ ஓர் இந்தோனேசியாக்காரர் தூரத்தில் ஏதோ பாடினார்.

“கரண்டு போகுற மாதிரி இருக்கு. நான் கெளம்புறேன். எல்லாருக்கும் வணக்கம்.”

அண்ணன் போய்விட்டார். மதுரைக்காரர் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார்.

நான் காரில் இருந்துகொண்டு என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. கேட்கிற ரேடியோவில் கத்தி என்ன பயன்? ஷெரின் இறங்கிப்போய் வயரைச் சுற்றினாள். கம்பைப் பிடுங்கினாள். திரும்பி வந்து, “அவருக்குத் தெரிஞ்சிருக்கு அப்பா” என்றாள். அதுவும் தமிழில்.

6

எனக்கு லைசென்ஸ் இல்லை. ஆகவே என்னிடம் இருக்கிற மைக் இந்த இதழ்தான். மதினி இதை வாங்கிப் படிப்பார் என்று தெரியும். சத்தமாகப் படிப்பார் என்றும் தெரியும்.

வீட்டு விஷயத்தை இப்படி எழுதலாமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரே பதில். முதலில் ஊரறியச் சொன்னது நான் இல்லை. மதுரையிலும் தூத்துக்குடியிலும் வேறு எங்கெல்லாமோ ஒரு பத்துப் பேர் அதைக் கேட்டார்கள். ஆறாயிரம் கிலோமீட்டர் தள்ளி நானும் கேட்டேன். சத்தம் நன்றாக வந்தது.

அண்ணே, என் வாயால் ஆன்றோவின் விசா போனது. அதற்கு மன்னிப்பு அவனிடம் கேட்டுவிட்டேன், அவன் கொடுத்தும் விட்டான். அடுத்த மனு அவனே போட்டுக்கொள்வான், எந்த அதிகாரி கூப்பிட்டாலும் நான் வாயைத் திறக்கமாட்டேன். அது முடிந்த கதை. நான் கேட்பது வேறு. வேண்டுமென்றே கெடுத்தேன் என்று எனக்குச் சொல்லி அனுப்பினீர்கள். இல்லை, பிரியத்தில் சொன்னான் என்று மதுரைக்காரருக்குச் சொல்கிறீர்கள். உங்களுக்கு அது எத்தனை நாளாகத் தெரியும்? தெரிந்த நாளிலிருந்து எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை?

இதற்கு மதினியிடம் சொல்லி அனுப்பவேண்டாம். ஆன்றோவைத் தூது விடவேண்டாம். போனும் வேண்டாம், போனில் நீங்கள் அழுவீர்கள், நானும் அழுவேன், கேள்வி அப்படியே நின்றுவிடும். இந்த இதழ் உங்கள் கைக்கு வந்த மறுநாள் சாயங்காலம் ஐந்தரைக்கு, அதே அலைவரிசையில், அதே ஆட்கள் கேட்க, மதுரைக்காரர் கேட்ட அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். கரண்டு போனால் பேட்டரியில் பேசுங்கள்.